மாதரி கொடுத்த புதுக்கலம்



இத்தொடரிலே எனக்குத் தரப்பட்ட பொருள் ‘சிலப்பதிகாரத்தில் அடைக்கலம்’ என்பது. அடைக்கலக் காதையையும் அதற்கு அடுத்த கொலைக்களக் காதையையும் வகுப்பிலே பலமுறை படிப்பித்திருக்கிறேன். ஆகவே இது இலகுவான வேலை என்று எண்ணித்தான் ஒப்புக்கொண்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் இலகுவல்ல என்பது தெரிந்தது. அதற்கான காரணத்தையும் சொல்லத்தான் போகிறேன்.

கதையை நீங்கள் அறிவீர்கள். கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு மதுரையின் மதிற்புறத்தே வந்து தங்கியிருக்கிறார்கள். கவுந்தி ஒரு சமணத் துறவி. அவ்வழியே மாதரி என்னும் இடைக்குல முதுமகள், இயக்கிக்குப் பால்மடை கொடுத்துவிட்டு வீடு திரும்புகிறாள். மாயோனைப் பாடிக் குரவையாடுகின்ற சேரி அவளுடைய சேரி. அவளிடத்திலேதான் கவுந்தி கண்ணகியை அடைக்கலமாக ஒப்படைக்கிறார். துறவியும் ஆய்ச்சியும் ஒரே தெய்வத்தைக் கும்பிடுபவர்கள் அல்லர். அதைப்பற்றி இருவரும் ஒரு சொல்லும் பேசிக்கொள்வதில்லை.

அடுத்த காதையிலே வரும் ஒரு சிறு செய்தியை நாங்கள் பெரும்பாலும் கவனியாமற் கடந்துவிடுகிறோம். வந்திருப்பவர்கள் சாவக நோன்பிகள், அதாவது சமண இல்லறத்தார். பொழுது சாயுமுன் உண்டுவிட வேண்டும், உணவிலும் அவர்களுக்கெனக் கட்டுப்பாடுகள் உண்டு. இது சொல்லப்பட்டதும் அந்த ஆயர் வீட்டிலே என்ன நடக்கிறது? புதிய கலங்கள் எடுத்துக் கொடுக்கப்படுகின்றன. பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாங்கனி, வாழைப்பழம், சாலி அரிசி எல்லாம் வருகின்றன. கண்ணகி தன் கையாலேயே சமைக்கிறாள். ‘எங்கள் வீட்டுச் சோறு உங்களுக்கு ஆகாதா?’ என்று மாதரி கேட்கவில்லை. ‘எங்கள் தெய்வத்தைக் கும்பிட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்’ என்றும் சொல்லவில்லை. தன்னுடைய கூரையின் கீழ் இன்னொருவர் தம்முடைய நோன்பை நோற்க என்ன வேண்டுமோ அதைக் கொடுத்தாள். அவ்வளவுதான்.

இந்த இடத்தைப் படிப்பிக்கும் போதெல்லாம் எனக்கு என் பெத்தாவின் நினைவு வரும். எங்களூர் படுவான்கரையிலே, கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் உள்ள ஒரு சிற்றூர். நான் சிறுவனாயிருந்த எண்பதுகளின் பிற்பகுதியில், மண்முனைத்துறையில் பாலம் இல்லை. பாலம் 2014 இலேதான் திறக்கப்பட்டது. எழுவான்கரையிலிருந்து தோணியிலோ பாதையிலோ வாவியைக் கடந்துதான் எவரும் வரவேண்டும். அப்படி மாதத்துக்கு ஒரு தடவை ஒரு பொட்டணிக் காக்கா காத்தான்குடியிலிருந்து வருவார். தலையிலே புடைவைப் பொட்டணி. சாரன், சீத்தை, சட்டைத்துணி. வேளாண்மை வெட்டினால் காசு, அதுவரை கடன். நடுப்பகலுக்கு எங்கள் வளவுக்கு வந்துவிடுவார்.

பெத்தாவிடம் அவருக்கென்று ஒரு மண்சட்டியும் ஓர் அலுமினியக் கோப்பையும் இருந்தன. அவற்றை வேறு எவரும் தொடக்கூடாது. அரிசியும் தேங்காயும் இரண்டு முட்டையும் கொடுப்பாள், வேலியோரத்திலே மூன்று கல் வைத்து அவர் தாமே சமைப்பார். எருமைத் தயிர் மட்டும் எங்கள் வீட்டுப் பானையிலிருந்து. “ஒரு மூலை தாங்க புள்ள, தொழுதிட்டு வாறன்” என்று கேட்பார். பெத்தா திண்ணையைக் கூட்டி, கழுவிக் காயவைத்த பன்பாயை விரித்துவிட்டு, “மனே, அங்கால போய் விளையாடுங்க, அவர் கும்பிடப் போறார்” என்று எங்களைத் துரத்துவாள். தொழுகை என்ற சொல் அவள் வாயில் வராது. அவளுக்கு எல்லாமே கும்பிடுதல்தான்.

என் பெத்தாவை ஒரு பெரிய சமரச ஞானியாக உங்கள் முன் நிறுத்த நான் விரும்பவில்லை. காக்கா படலையைத் தாண்டியதும் திண்ணைக்கு மஞ்சள் தண்ணீர் தெளிப்பவளும் அவள்தான். அந்தச் சமயத்தின் மேல் அவளுக்கு எந்தப் பற்றும் இருந்ததில்லை, ஏன், உள்ளூர ஓர் ஒவ்வாமைகூட இருந்தது. ஆனால் பன்பாய் ஒரு நாளும் தவறியதில்லை. விருப்பமும் உரிமையும் இரண்டு வேறு விடயங்கள் என்பதை அவள் எப்படியோ அறிந்து வைத்திருந்தாள். நமக்குப் பிடித்த சமயத்தாரை விட்டுவைப்பதற்குச் சட்டமும் தேவையில்லை, அறமும் தேவையில்லை. பிடிக்காதவருக்குப் பாய் விரிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எங்கள் வாவிக்கரை அடைக்கலத்துக்குப் பழகிய கரை. 1626 ஆம் ஆண்டளவில் போர்த்துக்கேயர் தம் ஆட்சிக்குட்பட்ட கரையோரங்களிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களில் நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியிலே குடியேற்றினான் என்று போர்த்துக்கேயப் பாதிரியாரான குவேறோஸ் எழுதி வைத்திருக்கிறார். விரட்டியவர்களின் தரப்பிலிருந்தே கிடைத்த சான்று அது. பௌத்த மன்னன் ஒருவன், இந்துக்கள் வாழும் நிலத்திலே, கத்தோலிக்கருக்கு அஞ்சி ஓடிவந்த இஸ்லாமியருக்கு இடம் கொடுத்தான். பின்னர் ஒல்லாந்தர் வந்து கத்தோலிக்கரைத் துன்புறுத்தினார்கள். அப்போது கோவையிலிருந்து 1687 இல் மாறுவேடத்தில் வந்த யோசேப்வாஸ் அடிகளாருக்கும் இறுதியில் கண்டி இராச்சியமே புகலிடமாயிற்று. ஒற்றன் என்ற சந்தேகத்தில் முதலிலே சிறையில் வைத்தார்கள், பிறகு தம் சமயப் பணியைச் செய்யவிட்டார்கள். 2015 ஜனவரியிலே அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவருக்குப் பின் வந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் தமிழிலே ‘வியாகுலப் பிரசங்கம்’ எழுதியதும், இன்றைக்கும் தவக்காலத்தில் அது ஒப்பாரியாய் ஒலிப்பதும், அன்று ஒரு பௌத்த அரசு கதவைத் திறந்து வைத்திருந்ததன் பயன் என்றே எனக்குத் தோன்றுவதுண்டு. (கோவை என்றது கோயம்புத்தூரையல்ல, கோவா நகரை. எங்கள் பழைய எழுத்தாளர்கள் அப்படித்தான் எழுதினார்கள்.)

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரர் ஆலயத்துக் கல் நந்தியின் கதையை இங்கே சொல்லாவிட்டால் ஊரார் என்னை விடமாட்டார்கள். கோயிலை இடிக்க வந்த பறங்கித் தளபதி, உன் கல்மாடு புல் தின்னுமா என்று கேட்டானாம். நந்தி எழுந்து புல்லைத் தின்று சாணமும் இட்டதாம். அவன் அஞ்சித் திரும்பினானாம். கல் புல் தின்றதா என்பதை நான் ஆராயப் போவதில்லை. ஆனால் தம் கோயிலைக் காக்க ஆள்பலம் இல்லாத ஒரு சனம் கல்லை எழுப்பியேனும் காத்துக்கொள்ள விரும்பியது என்பது விளங்குகிறது. அதே காலத்திலே, 1620 களின் தொடக்கத்தில், திருகோணமலையிலே கோணேசர் கோயில் இடிக்கப்பட்டது. அங்கே நந்தி எழும்பவில்லை.

ஊர்ப்பெயர்க் கதைகளும் உண்டு. திமிலருக்கும் முக்குவருக்கும் நடந்த பூசலிலே பட்டாணியர் முக்குவருக்குத் துணை நின்றார்களாம். பகைவரைத் துரத்திச் சென்று கொன்ற இடம் சத்துருக்கொண்டான், திரும்பி வந்து ஆறிய இடம் வந்தாறுமூலை. உதவிக்கு நன்றியாகப் பெண்கொடுத்து ஏறாவூரிலே இருத்தினார்களாம். தாய்வழிக் குடிமுறை இங்கே தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவாயிருப்பதை விளக்க எழுந்த கதையாகவும் இது இருக்கலாம். எப்படியோ, இரண்டு சமூகமும் ஒரே கதையைத் தம் பிறப்புக் கதையாகச் சொல்லி வந்தன.

1990 இலே எனக்குப் பத்து வயது. அந்த ஓகஸ்ட் மாதம் காக்கா வரவில்லை. மூன்றாந் திகதி இரவு, காத்தான்குடியிலே மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுசைனியாப் பள்ளிவாசலிலும் இஷாத் தொழுகையில் நின்றவர்களை விடுதலைப் புலிகள் சுட்டார்கள். சிறுவர்கள் உட்பட நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். துப்பாக்கிச் சன்னம் பட்ட சுவரை இன்றும் அப்படியே வைத்திருக்கிறார்கள். பதினோராம் திகதி இரவு ஏறாவூர், அங்கேயும் நூற்றுக்கு மேல். மறுநாள் பன்னிரண்டாந் திகதி வீரமுனைப் பிள்ளையார் கோயில். அங்கே அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்களை ஊர்காவற் படையினர் உள்ளிட்ட ஆயுததாரிகள் கொன்றனர், ஐம்பதுக்கு மேற்பட்டோர். பதினைந்தாந் திகதி, புனித மிக்கேல் கல்லூரியிலே பல காலம் பணிபுரிந்த அமெரிக்க யேசுசபைத் துறவி யூஜின் ஹேபர்ட் அடிகளார் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். கூடவே ஒரு தமிழ் இளைஞர். இருவரும் வந்து சேரவேயில்லை. பன்னிரண்டு நாட்கள், நான்கு செய்திகள், மூன்று சமயங்கள். செப்டெம்பர் 5 இலே வந்தாறுமூலைப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 பேரை இராணுவம் கொண்டுபோயிற்று, அவர்கள் மீளவில்லை. செப்டெம்பர் 9 இலே சத்துருக்கொண்டானிலும் அயலூர்களிலும் பெண்களும் குழந்தைகளுமாக 180 க்கு மேற்பட்ட தமிழர் கொல்லப்பட்டார்கள். அந்த ஊர்ப்பெயரின் பழைய பொருளை நான் மாணவர்களுக்குச் சொல்வதை அதற்குப் பிறகு நிறுத்திக்கொண்டவர்கள் பலர். நான் ஆசிரியனான பின் நானும் சொல்வதில்லை.

காத்தான்குடிச் செய்தி எங்கள் வீட்டுக்கு வந்த நாளில் பெரியவர் ஒருவர், உறவுமுறையில் எனக்கு மாமா, “சரியாத்தான் செஞ்சிருக்காங்கள்” என்றார். எவரும் மறுத்துப் பேசவில்லை. பயம் ஒரு காரணம். பயம் மட்டுமே காரணம் என்று என்னால் சொல்ல முடியாது. பெத்தா ஒன்றும் பேசாமல் அந்த மண்சட்டியைக் கழுவிக் கவிழ்த்துப் பரணிலே வைத்தாள். காக்கா இறந்தாரா, இருந்தாரா என்று நாங்கள் விசாரிக்கவேயில்லை. அவருக்குக் கொடுக்கவேண்டிய கடன் ஒன்றும் இருந்தது. 2007 மார்ச்சிலே படுவான்கரை முழுவதும் இடம்பெயர்ந்தபோது வீடும் போயிற்று, சட்டியும் போயிற்று.

இலக்கியத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் அறநெறிப் பாடசாலையிலும் நான் படிப்பிப்பதுண்டு. அப்பர் சுவாமிகள் சைவத்துக்கு மீண்டதற்காக நீற்றறையில் இடப்பட்டது, நஞ்சு ஊட்டப்பட்டது, யானைக்கு முன் விடப்பட்டது, கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்டது எல்லாவற்றையும் உருக்கமாகச் சொல்லி முடித்தேன். சமயம் மாறியதற்காக ஒரு மனிதனை அரசு துன்புறுத்தியதைச் சொல்லும் கதைகளிலே தமிழில் இதற்கு மேலான ஒன்று இல்லை. பிள்ளைகளின் கண்கள் கலங்கியிருந்தன. அடுத்த வாரம் சம்பந்தர் வரலாறு. மதுரையிலே வாதில் தோற்ற சமணர் எண்ணாயிரவர் கழுவேறியதாகச் சேக்கிழார் பாடும் இடம். அது நடந்ததா, பிற்காலப் புனைவா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த நேரம் ஒரு சிறுமி எழுந்து, “சேர், அப்பரக் கல்லில கட்டினது பிழையெண்டா, இவங்களக் கழுவில ஏத்தினது எப்பிடிச் சரி?” என்று கேட்டாள். நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? “அது சோதினைக்கு வராது, இரு.”

அந்தச் சிறுமியின் வீட்டாரே பின்பு எங்களூர் ஜெபக்கூடத்துக்குப் போகத் தொடங்கியவர்கள். தகப்பன் 2006 கடைசியிலே காணாமற்போனவர். தாய் நெல் குற்றியும் மிளகாய் அரைத்துக் கொடுத்தும் பிள்ளையை வளர்த்தாள். ஒரு போதகர் வந்து, வளவொன்றிலே நாலு மரக்காலை நட்டு, பாதி கிடுகும் பாதி தகரமுமாகக் கூரை போட்டு, ஞாயிறுதோறும் ஜெபம் நடத்தினார். பத்துப் பன்னிரண்டு பெண்கள் போவார்கள். ஒரு கஞ்சிரா, ஒரு சின்ன மத்தளம். கோயிலடியிலே ஊர்க்கூட்டம் கூடியது. மதம் மாற்றுகிறார்கள், வறுமையைப் பயன்படுத்துகிறார்கள் என்று பேசினார்கள். அந்தக் குறையிலே உண்மை சற்றும் இல்லை என்று நான் வாதாட வரவில்லை. அரிசிப் பையோடு வரும் பிரசங்கத்தை எனக்கும் பிடிப்பதில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் கணவன் காணாமற்போன பத்து ஆண்டுகளிலே எங்கள் வண்ணக்கரோ, பரிபாலன சபையோ, இதே ஊரில் இருந்த நானோ அவள் படலையைத் திறந்து உள்ளே போனதில்லை. அந்தப் போதகர் போனார்.

ஒரு மனு அனுப்பவேண்டும் என்று கூட்டத்திலே தீர்மானித்தார்கள். நல்ல தமிழிலே எழுத ஆள் வேண்டும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுதினேன். 2016 ஆம் ஆண்டு. பயிற்றப்பட்ட பட்டதாரி ஆசிரியன், மொழி நடையிலே குறை வைக்கவில்லை. புதிய வழிபாட்டிடங்களுக்கு அனுமதி பெறவேண்டும் என்று மத அலுவல்கள் அமைச்சு 2008 இலே விடுத்த சுற்றறிக்கையைச் சுட்டினேன். ‘ஒலிபெருக்கி இரைச்சலால் மாணவர் கல்விக்குக் குந்தகம்’ என்று ஒரு வசனம் எழுதினேன். அவர்களிடம் ஒலிபெருக்கியே இல்லை. ஒலிபெருக்கி எங்கள் கோயிலில்தான் இருந்தது, திருவிழாக் காலத்திலே பத்து நாளும் அது அலறும். முப்பதுக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். ஓர் அலுவலகத்திலே விசாரணை வைத்தார்கள். போதகரை அழைத்தார்கள், ஜெபம் நின்றது. ஒரு நாள் இரவு யாரோ தகரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். யார் என்று எனக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும்.

சட்டத்தைப் பிறகுதான் ஆறுதலாகப் படித்தேன். 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் ஒன்பதாம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது. அதைப்பற்றி நாங்கள் எல்லோரும் குறைசொல்வோம். அடுத்த பத்தாம் உறுப்புரை, ஒவ்வோர் ஆளுக்கும் சிந்தனைச் சுதந்திரமும் மனச்சாட்சிச் சுதந்திரமும் உண்டு என்கிறது. தாம் விரும்பும் மதத்தைக் கொண்டிருக்கவும் புதிதாகத் தழுவவும் உரிமை தருகிறது. மற்ற உரிமைகளுக்கு அரசு கட்டுப்பாடு விதிக்கலாம் என்று சொல்லும் பதினைந்தாம் உறுப்புரை இந்தப் பத்தாம் உறுப்புரையைத் தொடுவதில்லை. ‘பிரசை’ என்றுகூட அங்கே இல்லை, ‘ஆள்’ என்றே இருக்கிறது. 1948 டிசம்பர் 10 இலே ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற மனித உரிமைப் பிரகடனத்தின் பதினெட்டாம் உறுப்புரையின் சாயலை இதிலே காணலாம். 2004 இலே கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமூலம் ஒன்று பாராளுமன்றத்துக்கு வந்தது. அதன் சில வாசகங்கள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று உயர் நீதிமன்றம் சொல்லிற்று, அது நிறைவேறவில்லை. சட்டத்தால் முடியாததை ஒரு சுற்றறிக்கையும் ஒரு தமிழாசிரியனின் மனுவும் எங்களூரிலே செய்து முடித்தன.

ஜெபக்கூடம் போனபின் அந்தப் பெண்கள் ஞாயிறுதோறும் காலையிலே பஸ் ஏறி மட்டக்களப்பு நகரத்துக்குப் போனார்கள். எந்தச் சபைக்கு என்று எவரும் கேட்கவில்லை.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. காலை ஒன்பது மணிக்குச் சற்றுப் பின் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலே குண்டு வெடித்தது. ஞாயிறுப் பாடசாலை முடிந்து பிள்ளைகள் வெளியே சிற்றுண்டியோடு நின்ற நேரம். முதுகிலே பையோடு வந்தவனை உள்ளே விடாமல் ஒருவர் மறித்து நின்றார், அவரும் இறந்தார். பதினான்கு குழந்தைகள் உட்பட 31 பேர் மாண்டார்கள். செய்தி எங்களூருக்கு வந்ததும் என் மோட்டார் சைக்கிளை எடுத்தேன். மண்முனைப் பாலத்தைக் கடந்ததும் நினைவிருக்கிறது, அதற்குப் பின் போதனா வைத்தியசாலை வாசல் வரை வந்த வழி நினைவில் இல்லை. இரண்டு மணித்தியாலம் வரை பெயர்ப்பட்டியலைப் பார்த்தேன், முகங்களைப் பார்த்தேன். நான் மனு எழுதாதிருந்தால் அந்தக் காலை வேளையில் அவர்கள் எங்களூரிலே கிடுகுக் கூரையின் கீழ் இருந்திருப்பார்கள் என்ற எண்ணம் ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

இரத்தம் கொடுக்க நின்றவர்களின் வரிசையிலே அந்தத் தாயைக் கண்டேன். பக்கத்திலே மகள், பதினாறு வயது, தாயின் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “சேர், ஆரைத் தேடுறீங்க?” என்று தாய் கேட்டாள். “உங்களைத்தான்” என்றேன். “நாங்க சீயோனுக்குப் போறல்ல சேர், வேற சபை. இவங்களுக்கு ரத்தம் தேவையாம் எண்டாங்க, வந்தம்.” நான் பேசாமல் நின்றேன். அப்போது மகள் சொன்னாள்: “அந்த லெட்டர நான்தான் அம்மாவுக்கு வாசிச்சன் சேர். உங்கட எழுத்தெண்டு தெரியும்.” போதகருக்கு மனுவின் பிரதியைக் கொடுத்திருந்திருக்கிறார்கள். கரும்பலகையில் ஐந்து வருடம் பார்த்த எழுத்து. குரலிலே கோபம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. வரிசை நகர்ந்தது, அவர்களும் நகர்ந்தார்கள்.

அந்தக் குண்டுகளுக்குப் பொறுப்பான சஹ்ரான் காத்தான்குடியைச் சேர்ந்தவன். 2017 மார்ச்சிலே அவனுடைய குழுவினர் சூஃபி வழியினரோடு காத்தான்குடியிலேயே மோதினார்கள், அதன் பிறகே அவன் தலைமறைவானான். அதற்கு முன்பே, 2004 இலும் 2006 இலும், சூஃபிகளின் வீடுகளும் தலங்களும் தாக்கப்பட்டிருந்தன. அடக்கம் செய்யப்பட்ட ஒரு சூஃபிப் பெரியாரின் உடல் தோண்டியெடுக்கப்பட்டது. தம் சமயத்தின் உள்ளேயே வேறு வழியில் கடவுளைத் தேடியவர்களை விட்டுவைக்காதவர்கள், அடுத்து அயலாரின் ஆலயத்துக்கு வந்தார்கள். அந்தச் சூஃபிகள் அடிபட்டபோது அது முஸ்லிம்களின் உள்வீட்டுச் சண்டை என்று நாங்கள் பத்திரிகையை மடித்து வைத்தோம்.

பிறகு வந்தது முஸ்லிம்களின் முறை. மன்னாரைச் சேர்ந்த தமிழாசிரியரும் கவிஞருமான அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதத்திலே பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதானார். குற்றம், 2017 இலே வெளியிட்ட ‘நவரசம்’ என்ற கவிதை நூல் தீவிரவாதத்தைத் தூண்டுகிறது என்பது. அதைத் தமிழிலே வாசித்தவர்கள் அது வன்முறைக்கு எதிரானது என்று சொன்னார்கள். பத்தொன்பது மாதம் மறியலில் இருந்து பிணையில் வந்து, 2023 டிசம்பரிலே விடுதலையானார். அவரும் என்னைப் போல ஒரு தமிழாசிரியர். எங்கள் இலக்கிய வட்டங்கள் அவருக்காக எத்தனை கூட்டம் வைத்தன என்று எண்ணிப் பார்க்கிறேன்.

அதே 2020 ஏப்ரலிலே, கொவிட் நோயால் இறந்தவர் எவரையும் எரிக்கவே வேண்டும் என்று வர்த்தமானி வந்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் பத்து மாதத்துக்கு மேலாக அந்த விதி நின்றது. பிறந்து இருபது நாளான ஒரு குழந்தையும் எரிக்கப்பட்டது. எரிப்பது எங்களுக்கு இயல்பான சடங்கு. ஆகவே அதில் ஒரு கொடுமை இருப்பதாக என்னோடு படிப்பித்த பலருக்குப் படவேயில்லை. எங்கள் பிரேதத்தைப் புதைக்க வேண்டும், கொள்ளி வைக்கக் கூடாது என்று ஓர் அரசு சொல்லியிருந்தால் என்ன செய்திருப்போம் என்று ஆசிரியர் அறையிலே ஒரு முறை கேட்டேன். ஒருவர் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போனார்.

2021 மார்ச்சிலே இடம் கொடுத்தார்கள். நாடு முழுவதற்கும் ஒரே இடம், அதுவும் எங்கள் மாவட்டத்திலேயே, ஓட்டமாவடியில் மஜ்மா நகர். ஓராண்டு காலத்திலே 3600 க்கு மேற்பட்டோர் அங்கே அடக்கம் செய்யப்பட்டார்கள். பெரும்பாலோர் முஸ்லிம்கள். ஆனால் கிறிஸ்தவரும் பௌத்தரும் இந்துக்களும் அங்கே கிடக்கிறார்கள். ஒரு முறை போய்ப் பார்த்தேன். காட்டோரம், காய்ந்த மண், வரிசை வரிசையாக மேடுகள். கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் விரட்டப்பட்டு வந்த பிரேதங்களுக்கு மட்டக்களப்பு மண் மறுபடியும் இடம் கொடுத்திருக்கிறது. 1626 இலே உயிரோடு வந்தார்கள், அதுதான் வித்தியாசம். 2024 ஜூலையிலே அமைச்சரவை அந்தக் கட்டாய எரிப்புக்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. காத்தான்குடிப் பள்ளிவாசலுக்காக எங்கள் ஊர்களிலிருந்து அப்படி ஒரு வார்த்தை கூட்டாகப் போனதை நான் என் வாழ்நாளிலே கேட்டதில்லை.

மாதரியின் முடிவைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கோவலன் கொலையுண்ட செய்தியும் மதுரை எரிந்ததும் நாம் அறிந்தவை. நீர்ப்படைக் காதையிலே, அடைக்கலப் பொருளை இழந்துவிட்டேனே என்று மாதரி தீயிலே புகுந்தாள் என்றும், கவுந்தியடிகள் உண்ணா நோன்பிருந்து உயிர்விட்டார் என்றும் மாடலன் வாயிலாகக் கேட்கிறோம். இந்த இடத்தை மாணவர்கள் எப்போதும் விளங்கிக்கொள்வதில்லை. “அவ என்ன பிழை செஞ்ச சேர்?” என்பார்கள். கொன்றவன் பாண்டியனின் காவலன், பொய் சொன்னவன் பொற்கொல்லன், ஆராயாமல் ஆணையிட்டவன் அரசன். மாதரி புதுக்கலம் கொடுத்தவள். ஆனாலும் அந்தக் கணக்கிலே தன் பெயரும் இருப்பதாக அவள் நினைத்தாள். தீக்குளிப்பதை நான் போற்றவில்லை. அந்த வரிகளை வகுப்பிலே வாசிக்கும்போது இப்போதெல்லாம் என் குரல் தடுமாறுகிறது என்பதை மட்டும் சொல்கிறேன். இந்த உரையை எழுதுவது இலகுவாயில்லை என்று தொடக்கத்தில் சொன்னது இதனால்தான்.

போன வருடம் அதே அலுவலகத்துக்கு இன்னொரு கடிதம் எழுதினேன். 2016 ஆம் ஆண்டு மனுவை எழுதியவன் நான் என்றும், ஒலிபெருக்கி பற்றிய வசனம் பொய் என்றும், அந்த இடத்தில் வழிபட விரும்புவோருக்குத் தடை இருக்கக்கூடாது என்றும் எழுதி, தனியாகக் கையெழுத்திட்டு நேரே கொண்டுபோய்க் கொடுத்தேன். மேசையிலிருந்தவர் பழைய கோப்பின் இலக்கத்தைக் கேட்டார். என்னிடம் இல்லை. கடிதத்தை வாங்கித் திகதி முத்திரை குத்திப் பிரதியைத் தந்தார். பதில் இன்னும் வரவில்லை. ஊரிலே இரண்டு பேர் என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டார்கள். கோயிலிலே இந்த வருடம் உபயத்துக்கு என் பெயரைச் சொல்லவில்லை.

அந்தப் போதகர் வேறு ஊருக்குப் போய்விட்டார். தாயும் மகளும் இன்னும் பஸ்ஸிலேதான் போகிறார்கள். பாடசாலை விட்டு வரும்போது அந்த வளவைக் கடந்துதான் நான் வரவேண்டும். கூரை இல்லை, நட்ட மரக்கால்கள் நான்கும் நிற்கின்றன. போன கிழமை பார்த்தபோது ஒன்றிலே யாரோ ஆட்டுக்குட்டியொன்றைக் கட்டியிருந்தார்கள்.